பேச்சிப்பாறையில் எத்தனை எழுத்து?

பேச்சிப்பாறை என்ற பெயரில் எத்தனை எழுத்து? பே, ச், சி, ப், பா, றை. ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் விரல் மடக்கிச் சொல்லிவிடும். அதே கேள்வியைப் பைத்தான் என்ற நிரல் மொழியிடம் கேட்டால் பன்னிரண்டு என்கிறது.

பைத்தான் பிழை செய்யவில்லை. நாம் எழுத்தை எண்ணுகிறோம். அது, கணினிகள் எழுத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறையின் குறியெண்களை எண்ணுகிறது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் நம் 247 எழுத்துக்கும் ஆளுக்கோர் எண் அதில் கிடையாது. க, ச, ப போன்ற அகர உயிர்மெய்க்கு ஓர் எண். அதன்மேல் வந்து ஒட்டும் கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனி எண்கள். ‘பே’ என்றால் ப-வும் இரட்டைக்கொம்பும். ‘ச்’ என்றால் ச-வும் புள்ளியும். மெய்யின்மேல் அகரம் ஏறினால் உயிர்மெய் என்பது நம் இலக்கணம். யூனிகோடில் அது தலைகீழ், ‘ச’வின்மேல் புள்ளி ஏறினால்தான் மெய். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 உயிர், 18 அகர உயிர்மெய், ஓர் ஆய்தம் ஆக 31 எழுத்துக்கு ஓர் எண் போதும். மீதி 216 எழுத்துக்கும் இரண்டிரண்டு எண் வேண்டும். எழுத்துக்கு ஓர் எண் என்று வகுத்த டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கைப்பேசியும் இணையமும் ஓடுவது யூனிகோடில்தான்.

ஆக, தமிழ் படித்த எவருக்கும் தெரிந்த ஒன்று கணினிக்குத் தெரியாது. யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது; நிரலை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் மறுபடி சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலைக்கு நிரலாளர்கள் கண்டுபிடித்த வழிதான் யூனிட் டெஸ்ட். பெரிய நிரலின் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே எடுத்து, ‘இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்’ என்று எழுதி வைப்பது அது. வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. சோதனையும் ஒரு நிரலே என்பதால் மனிதர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. நூறு கேள்வி இருந்தாலும் ஒரு சொடுக்கில் கேட்டு முடித்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வைத்துக் குறுக்கெழுத்துக் கட்டம் போடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு பெயருக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். முதல் பெயராகப் பேச்சிப்பாறையே இருக்கட்டும். கோதையாற்றின் குறுக்கே 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அணை அங்கே இருக்கிறது. திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் ஆண்ட காலம். கட்டுவித்த பொறியாளர் மின்சின். அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே உள்ளது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த அணையையும் பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளையும் சேர்த்து இயங்கும் அமைப்பிலிருந்து வருகிறது. இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் கணினிக்கு ஒரு தனிப் பரீட்சை என்பது எண்ணிப் பார்த்தால் தெரியும்.

முதலில் எடிட்டரைத் தயார் செய்ய வேண்டும். விஎஸ் கோட் என்ற இலவச எடிட்டரையும் அதற்கான பைத்தான் நீட்சியையும் நிறுவியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்புறையில் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்றில் எழுத்தெண்ணும் ஃபங்ஷன், இன்னொன்றில் சோதனைகள். சோதனைக் கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘டெஸ்ட்’ என்று தொடங்கி ஓர் அடிக்கோடு வர வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சோதனையின் பெயரும் அப்படியே ‘டெஸ்ட்’ என்று தொடங்க வேண்டும். தொடக்கத்துக்கு அப்புறம் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 முதலே தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது. சோதனையின் பெயரே ‘டெஸ்ட்_பேச்சிப்பாறைக்கு_ஆறு_எழுத்து’ என்றிருந்தால், சிவக்கும்போது எது உடைந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எடிட்டரின் இடது ஓரத்தில் ஆய்வகக் குடுவை ஒன்றின் படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் ‘கான்ஃபிகர் பைத்தான் டெஸ்ட்ஸ்’ என்ற பொத்தான் வரும். எந்தச் சோதனைக் கருவி என்று கேட்கும்: பைத்தானோடு 2001 முதல் கூடவே வரும் யூனிட்டெஸ்ட், அல்லது தனியே நிறுவிக்கொள்ளும் பைடெஸ்ட். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பைடெஸ்டையே சொல்வேன். எழுத வேண்டியது குறைவு. தோற்றால் ஏன் தோற்றது என்று தெளிவாகக் காட்டும். பிறகு சோதனைகள் எந்தக் கோப்புறையில் என்று கேட்கும். காட்டிவிட்டால் எடிட்டர் அதைத் தன் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொண்டு, சோதனைகளைத் தேடிப் பிடித்து, குடுவைப் படத்தின் கீழ் மரம்போல் அடுக்கிக் காட்டும். சோதனைக் கோப்பில் ஒவ்வொரு சோதனையின் வரி எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு முக்கோணம் முளைக்கும். அதைச் சொடுக்கினால் அந்த ஒன்று மட்டும் ஓடும்.

பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மரம் வெறுமையாக நிற்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றே: கணினியில் பைத்தான் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும், பைடெஸ்டை நிறுவியது ஒன்றில், எடிட்டர் பார்த்துக்கொண்டிருப்பது வேறொன்றை. கீழ்ப் பட்டையின் வலது பக்கம் எந்தப் பைத்தான் என்று எழுதியிருக்கும். அதைச் சொடுக்கிச் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்துவிடும். சோதனைக் கோப்பு வேறொரு கோப்பைக் கூப்பிட, அது கிடைக்காமல் போனாலும் அந்தச் சோதனைகள் மரத்தில் வராது.

எல்லாம் அமைந்ததும் முதல் சோதனையை எழுதுவோம். பேச்சிப்பாறையைக் கொடுத்தால் விடை ஆறு. ஃபங்ஷனுக்குள் இப்போதைக்குப் பைத்தானின் நீளம் அளக்கும் கட்டளையை மட்டும் வைத்திருக்கிறோம். ஓட்டினால் சிவப்பு. அந்த வரியின் கீழேயே எடிட்டர் எழுதிக் காட்டும்: 12 == 6. கணினி சொல்வது இடப்பக்கம், தமிழ் சொல்வது வலப்பக்கம். முதலில் சிவப்பைப் பார்ப்பது நல்லது. பிறந்ததிலிருந்தே பச்சையாக இருக்கும் சோதனை உண்மையில் எதையாவது சோதிக்கிறதா என்று நமக்குத் தெரியாது.

சரி, இதைப் பச்சையாக்க எளிதான வழி என்ன? பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் ஆறு! சிரிக்க வேண்டாம், அடுத்த பெயரைப் போட்டுப் பாருங்கள். கோதையாறு: நான்கு எழுத்து, எட்டுக் குறியெண். பெருஞ்சாணி: ஐந்து, பத்து. சிற்றாறு: நான்கு, எட்டு. தொட்டிப்பாலம் இருக்கும் மாத்தூர்: நான்கு, எட்டு. ஐந்து பெயரும் துல்லியமாக இரட்டிப்பு! ஐந்திலும் தனி உயிரும் இல்லை, வெறும் அகர உயிர்மெய்யும் இல்லை. ஒவ்வோர் எழுத்திலும் ஏதோ ஒரு கொம்போ காலோ புள்ளியோ ஏறியிருக்கிறது. ‘பாதியாக்கு’ என்ற முழுத் தவறான விதி இந்த நீர்ப்பாசன அமைப்பின் பெயர்கள் வழியே ஐந்து சோதனையையும் தாண்டிப் பச்சை வாங்கிவிடும்.

அடுத்து, அதே மாவட்டத்துக் குலசேகரம் வருகிறது. கு, ல, சே, க, ர, ம். ஆறு எழுத்து, ஆனால் குறியெண் ஒன்பதுதான். பாதி நாலரை. விதி உடைந்தது. ‘அணை’ என்ற சின்னச் சொல்லே போதும்: இரண்டு எழுத்து, மூன்று குறியெண். சோதனையின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதே பெரிது. எந்தச் சொல் விதியை உடைக்கும் என்று தேடிப் பிடிப்பது ஒரு கலை. தமிழ் நிரலுக்கு அந்தத் தேடலைத் தமிழ் அறிந்தவரால்தான் செய்ய முடியும்.

சரியான விதி இது. சொல்லை இடமிருந்து குறி குறியாக எடு. வந்தது ஒட்டும் குறி என்றால் முந்தைய எழுத்தோடு சேர். இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்கு. எது ஒட்டும் குறி? ஒவ்வொரு குறியெண்ணுக்கும் யூனிகோடு ஒரு வகை சொல்லி வைத்திருக்கிறது. ஆனால் தமிழின் ஒட்டும் குறிகள் எல்லாம் ஒரே வகையில் இல்லை. இகரத்தின் மேல்விலங்கு ஒரு வகை. அதையே சுழித்த ஈகாரம் வேறு வகை. புள்ளியும் ஈகாரக் குறியும் ஒரு வீட்டில், மற்றவை எல்லாம் இன்னொரு வீட்டில். இதைக் கவனிக்காமல் ஒரு வகையை மட்டும் பார்க்கும் நிரலை எழுதுவது மிக எளிது. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. 247 எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, ‘இது ஓர் எழுத்துதானே?’ என்று கேட்பது. பைடெஸ்டில் ஒரு சோதனையை எழுதி, பட்டியலை அதன் தலையில் கட்டினால் அதுவே 247 சோதனையாகப் பெருகும். எடிட்டரின் மரத்தில் 247 வரி. புள்ளியின் வகையை மட்டும் பார்க்கும் நிரலில் 18 மெய்யும், கீ முதல் னீ வரை 18 எழுத்தும், ஓர் எண் எழுத்துகள் 31-உம் பச்சை. மீதி 180 சிவப்பு. எழுத்து அட்டவணையில் உயிர்க்குறி ஏறிய வரிசைகளில் ஈகார வரிசை மட்டும் பச்சைக்கோடாக ஓடும்போது, பிழை எங்கே என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

247-உம் பச்சையானாலும் பஃறுளி மிச்சம் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் வரும் அந்த ஆறு இன்றைய பரளியாறுதான் என்று சொல்வாரும் உண்டு. நமக்கு இங்கே வேண்டியது அதன் ஆய்தம். யூனிகோடில் ஆய்தத்துக்கு வைத்த பெயர் விசர்க்கம். இந்தியில் விசர்க்கம் முந்தைய எழுத்தோடு ஒட்டும் குறி. இந்திக்காக எழுதிய நிரலைத் தமிழுக்கு நகலெடுத்தால் பஃறுளிக்கு மூன்று எழுத்து என்று வரும். தமிழில் ஆய்தம் தனித்து நிற்கும் எழுத்து, ஆக நான்கு. இந்த ஒரு வரிச் சோதனை தொல்காப்பியர் காலத்து வேறுபாடு ஒன்றை நிரலுக்குள் காவல் வைக்கிறது.

கோதையாற்றில் வேறொரு ஆழம். ‘கோ’வை இரண்டு விதமாக யூனிகோடில் எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. க, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக எழுதுவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் பிரிக்க முடியாது. முதலாவதில் ஆற்றின் பெயருக்கு எட்டுக் குறியெண், இரண்டாவதில் ஒன்பது. ஒ, ஓ, ஔ ஏறிய 54 உயிர்மெய்யும், தனி ‘ஔ’வும் இப்படி இரட்டை வடிவம் கொண்டவை. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்து வைத்தே சேமித்தது. அங்கிருந்து வந்த பட்டியலில் கோதையாறு என்று தேடினால் ஆறே இல்லை என்று விடை வரும். நம் எழுத்தெண்ணும் சோதனை இதைப் பிடிக்காது, இரண்டுக்கும் நான்கு என்றே சொல்லும். ‘இரண்டும் ஒரே பெயரா?’ என்ற தனிச் சோதனை வேண்டும். அது சிவக்கும். பைத்தானோடு வரும் யூனிகோடுக் கருவியால் பெயரை முதலில் ஒருமைப்படுத்தினால் பச்சையாகும். இதில் என்னை வியக்க வைப்பது ஒன்று: ஃபங்ஷனுக்கோ மாறிக்கோ கோதையாறு என்று பெயர் வைத்தால், எந்த வடிவில் தட்டினாலும் பைத்தான் தானே ஒருமைப்படுத்தி ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லை மட்டும் அது தொடுவதில்லை. அது நம் தரவு, அதை மாற்றும் உரிமை நமக்கே என்று விட்டுவிடுகிறது.

அணை கட்டிய காலத்து மன்னர் பெயர் இன்னும் சிக்கல். ஸ்ரீமூலம் என்பதில் ‘ஸ்ரீ’ ஓர் எழுத்தா, இரண்டா? நம் விதிப்படி ஸ், ரீ என்று இரண்டு. கட்டத்தில் போடும்போது அந்த வடிவத்தைப் பிளந்து இரண்டு பெட்டியில் வைக்க முடியாது என்பதால் நான் ஒன்று என்றே கொள்வேன்; வேறொருவர் இரண்டு என்று வைக்க நியாயம் உண்டு. எதுவானாலும் சோதனை எழுதும் நேரத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும். 2005இல் யூனிகோடில் சேர்ந்த வடமொழி ‘ஶ’வைக் கொண்டும் இதே ஸ்ரீயை எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவற்றை ஒருமைப்படுத்தும் கருவியும் ஒன்றாக்காது. நாமே ஒரு விதி எழுதி, அதற்கொரு சோதனையும் வைக்க வேண்டும்.

இப்படித் தமிழ் எழுத்தைப் பிரித்தெண்ணும் வேலையைப் பொதுவுக்குச் செய்து வைத்திருக்கிறார்கள். ‘எழில்’ என்ற தமிழ் நிரல் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில், ஒரு சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. அதைக் காக்கும் சோதனைகளும் கூடவே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கி, தன் எடிட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். தங்கள் ஊர்ப்பெயர் ஏதாவது அதை உடைக்குமானால், அந்தப் பெயரையே ஒரு சோதனையாக எழுதி அனுப்பலாம். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர்கூட, ‘இந்தச் சொல்லுக்கு இத்தனை எழுத்து’ என்று நூறு வரி எழுதிக் கொடுத்தால் அது நிரலாளருக்குப் பொக்கிஷம். எண்ணுவது மட்டுமல்ல, சொல்லைத் திருப்புவதும் இப்படிச் சோதிக்க வேண்டியதுதான். விகடகவியைத் திருப்பிப் படித்தாலும் விகடகவி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குறியெண்களைத் திருப்பும் நிரலுக்கு அது தெரியாது. மேல்விலங்கு முன்னால் அந்தரத்தில் தொங்க, நடுவில் ‘க’ போய்க் ‘கி’ வந்து நிற்கும்.

யூனிட் டெஸ்டுக்கும் எடிட்டருக்கும் இடையே ஓர் அழகான உறவு இருக்கிறது. அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக், ஸ்மால்டாக் மொழிக்காக இப்படியொரு சோதனைக் கருவியை முன்பே எழுதியிருந்தார். 1997இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அவரும் சுவிட்சர்லாந்தின் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து ஒரே விமானத்தில் போனார்கள். அந்தப் பயணத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்து, அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜேயூனிட் பிறந்தது அப்படித்தான். அதைப் பார்த்து மற்ற மொழிகளுக்கும் கருவிகள் வந்தன. பைத்தானின் யூனிட்டெஸ்டும் அந்தக் குடும்பம். அதே எரிக் காமா பின்னாளில் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, 2015இல் வெளிவந்த விஎஸ் கோட் எடிட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் குடுவைப் படத்தை நாம் சொடுக்குவது, அவர் கைப்பட்ட இரண்டு வேலைகள் சந்திக்கும் இடத்தில்.

தொடக்கத்தில் பைத்தான் சொன்ன பன்னிரண்டும் வீணான எண் இல்லை. அணையின் நீர்மட்டத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் நிரல் ஒன்றை எழுதினால் அங்கே தேவைப்படுவது அந்தப் பன்னிரண்டுதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70. அந்த எழுபதை அளப்பது எழுத்தால் அல்ல, குறியெண்ணால். ‘பேச்சிப்பாறை அணை’ என்று எழுதினாலே இடைவெளியோடு 16 போய்விடும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். அப்போது ஒரு துண்டுக்கு 67தான். வெள்ள எச்சரிக்கை போன்ற செய்திக்கு இது பெரிய விஷயம். ஆகவே குறுக்கெழுத்து நிரலின் சோதனையில் விடை ஆறு, குறுஞ்செய்தி நிரலின் சோதனையில் விடை பன்னிரண்டு, இரண்டும் ஒரே கோப்புறையில் பச்சையாக இருக்கலாம்.

எழுத்து முடிந்தால் எண் தொடங்குகிறது. பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. இதைத் தமிழ் இலக்கத்தில் ௪௮ என்று எழுதி, எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் தயங்காமல் 48 என்கிறது. ஆனால் பழைய முறையில் இந்த எண்ணை ௪௰௮ என்றுதான் எழுதுவார்கள்: நான்கு, பத்து, எட்டு. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் நமக்குத் தனிக் குறிகள் உண்டு. அவை மூன்றும் யூனிகோடில் இருக்கின்றன. பைத்தானிடம் ௪௰௮ கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும். ‘இங்கே பிழை வர வேண்டும்’ என்பதையும் பைடெஸ்டில் சோதனையாக எழுதலாம், அது பச்சை. ‘48 வர வேண்டும்’ என்று எழுதினால் சிவப்பு. கல்வெட்டையும் பழைய கணக்கேட்டையும் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு இரண்டாவது சோதனைதான் வேண்டும். அதைப் பச்சையாக்கும் ஃபங்ஷன் பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது. ௰ முதலில் வந்தால் பத்து, ஓர் இலக்கத்துக்குப் பின் வந்தால் அதன் பத்து மடங்கு என்பதில் தொடங்கலாம்.